நடக்க முடியாத நாட்களும் தைரொயிட் குளிசையும்

(பழைய மாணவிகள் சங்கத்தின் நூற்றாண்டு நிகழ்வுகளை ஒட்டிய உடல்நலக் கருத்தரங்கில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



எமது கல்லூரி அன்னை நூறு வயதை நிறைவு செய்யும் இவ்வேளையில், உடல்நலம் பற்றி ஏதாவது கதைக்கும்படி சங்கத்தார் எம்மைக் கேட்டார்கள். இந்த மண்டபத்தில் எழுபது வயதைக் கடந்தவர்களும் இருக்கிறீர்கள். அண்மையில் உயர்தரப் பரீட்சை எழுதிவிட்டு வந்தவர்களும் இருக்கிறீர்கள். எல்லோருக்கும் பயன்படக்கூடிய ஒன்றைத் தேடியபோது தைரொயிட் நோய்தான் நினைவுக்கு வந்தது. ஆண்களைவிடப் பெண்களுக்கே இது பல மடங்கு அதிகமாக வருகிறது. உங்களில் யார் யார் தைரொக்சின் குளிசை எடுக்கிறீர்கள் என்று இப்போது கேட்டால் ஒவ்வொரு வரிசையிலும் ஒரு கையாவது உயரும். எடுக்காதவர்களின் வீட்டில் அம்மாவோ மாமியோ எடுத்துக்கொண்டிருப்பார்.

தைரொயிட் பற்றிய எல்லாவற்றையும் இன்று சொல்லப்போவதில்லை. கிளினிக்கில் நாங்கள் அடிக்கடி கேட்கும் ஒரு வேண்டுகோளை மட்டும் எடுத்துக்கொள்வோம். “பிள்ளை, முழங்கால் நோவாலே நடக்க ஏலாமல் கிடக்கு. உடம்பு ஊதிக்கொண்டு போகுது. இந்தத் தைரொயிட் குளிசையைக் கொஞ்சம் கூட்டித் தாவன்.” முழங்காலுக்குப் பதிலாக நெஞ்சு நோ, இளைப்பு, முள்ளந்தண்டு வலி, பக்கவாதம், யுத்தத்தில் காயப்பட்ட கால் என்று காரணங்கள் மாறும். கேட்பது ஒன்றுதான். உடற்பயிற்சி செய்ய முடியாத குறையைக் குளிசை ஈடுசெய்யுமா?

ஈடுசெய்யாது என்பதே பதில். ஆனால் அந்த ஒரு சொல்லோடு ஒருவரை வீட்டுக்கு அனுப்பிவிடுவது வைத்தியம் ஆகாது. ஏன் ஈடுசெய்யாது, கூட்டினால் என்ன நடக்கும், கூட்டாமல் வேறு என்ன செய்யலாம் என்பவற்றை ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

பள்ளியில் இதைக் கேடயச் சுரப்பி என்று படித்தோம். கழுத்தின் முன்புறத்தில், குரல்வளைக்குச் சற்றுக் கீழே, வண்ணத்துப்பூச்சி போல இருக்கிறது. உடலின் ஒவ்வொரு கலமும் எவ்வளவு வேகமாக வேலை செய்ய வேண்டும் என்பதை இது சுரக்கும் ஓமோன் தீர்மானிக்கிறது. மூளையின் அடியிலுள்ள கபச்சுரப்பி இதைக் கண்காணிக்கிறது. இரத்தத்தில் தைரொயிட் ஓமோன் குறைந்தால் “இன்னும் சுர” என்று ரி.எஸ்.எச். என்ற கட்டளையைக் கூட்டி அனுப்பும். ஓமோன் மிஞ்சினால் அந்தக் கட்டளையை அடக்கிவிடும். ஆகவே உங்கள் பரிசோதனை அறிக்கையில் ரி.எஸ்.எச். உயர்ந்திருந்தால் ஓமோன் போதவில்லை என்றும், மிகக் குறைந்திருந்தால் ஓமோன் மிஞ்சிவிட்டது என்றும் பொருள். இந்த எதிர்மாறான கணக்கு பலரைக் குழப்புகிறது. “ரி.எஸ்.எச். கூடிவிட்டது, குளிசையைக் குறைத்துவிட்டேன்” என்று சொல்பவர்களையும் பார்க்கிறோம். தயவுசெய்து அப்படிச் செய்யாதீர்கள்.

எமது பாட்டிமார் காலத்தில் தைரொயிட் என்றால் கழுத்தில் தொங்கும் கழலைதான். அயடீன் குறைவே அதற்கு முக்கிய காரணம். 1990களில் இலங்கையில் உப்புக்கு அயடீன் சேர்ப்பது கட்டாயமாக்கப்பட்டது. அயடீன் போதிய அளவு கிடைக்கும் இடங்களில் தைரொயிட் குறைவுக்குப் பெரும்பாலும் காரணமாவது, உடலின் எதிர்ப்புச் சக்தி தன் சொந்தச் சுரப்பியையே தாக்குவதாகும். ஜப்பானிய வைத்தியரான ஹஷிமோட்டோ நான்கு பெண்களின் சுரப்பிகளை ஆராய்ந்து 1912இல் இதை விபரித்தார். இன்றும் இந்நோய் அவர் பெயரால்தான் வழங்குகிறது.

மருந்தின் கதை அதற்கும் முந்தியது. 1891இல் இங்கிலாந்தின் நியூகாசிலில் மரே என்ற இளம் வைத்தியர், சுரப்பி செயலிழந்து வாடிய 46 வயதுப் பெண் ஒருவருக்கு ஆட்டின் தைரொயிட் சாற்றை ஊசியாக ஏற்றினார். அந்தப் பெண் அதன்பின் 28 ஆண்டுகள் வாழ்ந்தார். 1914ஆம் ஆண்டு நத்தார் தினத்தில் கெண்டல் என்பவர் அமெரிக்காவில் தைரொக்சினைத் தனியாகப் பிரித்தெடுத்தார். இன்று நாம் விழுங்கும் சின்ன வெள்ளைக் குளிசை, சுரப்பி செய்ய வேண்டியதை அப்படியே செய்யும் ஓமோன். அது உடலுக்கு அந்நியமான பொருளல்ல. சரியான அளவில் எடுத்தால் ஆயுள் முழுவதும் எடுக்கலாம்.

இனி எடைக்கு வருவோம். தைரொயிட் குறைந்தால் எடை கூடும் என்பது உண்மை. ஆனால் எவ்வளவு? பெரும்பாலானோரில் ஏறத்தாழ இரண்டு முதல் ஐந்து கிலோ வரைதான். அதிலும் பெரும்பகுதி உடலில் தேங்கும் உப்பும் நீரும். குளிசை எடுத்து ரி.எஸ்.எச். சரியான நிலைக்கு வந்ததும் அந்த இரண்டு மூன்று கிலோ இறங்கிவிடும். அதற்கு மேல் இருக்கும் எடை தைரொயிட்டின் கணக்கில் வராது. இருபது கிலோ கூடியிருக்கும் ஒருவர் குளிசையை நம்பிக் காத்திருந்தால் ஏமாற்றமே மிஞ்சும்.

“அப்படியானால் தேவைக்கு மேல் கொஞ்சம் எடுத்தால் மெலியலாம்தானே?” என்று கேட்பவர்கள் உண்டு. அமெரிக்காவில் இந்த மருந்தோடு வரும் விபரத்தாளில், உடல் பருமனுக்கோ எடை குறைப்பதற்கோ இதைப் பயன்படுத்தக்கூடாது என்று கட்டம் கட்டி எச்சரித்திருக்கிறார்கள். காரணம் இரண்டு: இதயம், எலும்பு.

குளிசை மிஞ்சினால் இதயம் ஓய்வில்லாமல் ஓடும். சிலரில் துடிப்பு ஒழுங்கு தவறிவிடும். அமெரிக்காவின் பிரேமிங்ஹாம் நகரில் 60 வயதைக் கடந்தவர்களைப் பத்து ஆண்டுகள் தொடர்ந்து கவனித்த ஓர் ஆய்வு 1994இல் வெளியானது. ரி.எஸ்.எச். மிகவும் அடங்கியிருந்தவர்களுக்கு இந்த ஒழுங்கற்ற துடிப்பு ஏற்படும் ஆபத்து ஏறத்தாழ மூன்று மடங்கு அதிகமாக இருந்தது. துடிப்பு ஒழுங்கு தவறினால் இதயத்தினுள் இரத்தம் கட்டிபட்டு மூளைக்குச் சென்று பக்கவாதத்தை உண்டாக்கலாம். மாதவிடாய் நின்ற பெண்களில் மிஞ்சிய ஓமோன் எலும்பையும் கரைக்கும். நடமாட்டம் குறைந்தாலே எலும்பு தேயும். நடக்க முடியாத ஒருவருக்குக் குளிசையையும் கூட்டிக் கொடுத்தால் அந்தத் தேய்மானம் மேலும் கூடும். முழங்கால் நோவோடு வந்தவர் இடுப்பெலும்பு முறிந்து கட்டிலில் கிடக்க நேரலாம். உடற்பயிற்சி செய்ய முடியாதவர்களுக்குத்தான் அதிக அளவுக் குளிசை அதிக ஆபத்து என்பதை நன்றாக நினைவில் வைத்திருங்கள்.

அடுத்தது, எமது பார்வையில் இன்றைய உரையின் மிக முக்கியமான பகுதி. நடக்க இயலாமல் இருக்கும் ஓர் அக்காவின் குளிசைப் பையைத் திறந்து பார்ப்போம். சின்னச் சின்னக் கடதாசி உறைகள். ஒன்றில் தைரொக்சின். ஒன்றில் எலும்புக்குக் கல்சியம். ஒன்றில் இரத்தச்சோகைக்கு இரும்புச்சத்து. நோக் குளிசை எடுப்பதால் வயிறு புண்ணாகாமலிருக்க ஒமிப்பிரசோல். மேலும் பிரஷருக்கு ஒன்று, கொலஸ்ரோலுக்கு ஒன்று. மறந்துவிடக்கூடாது என்பதற்காக எல்லாவற்றையும் காலையில் ஒரே பிடியாகப் பால் தேத்தண்ணியோடு விழுங்கிவிடுகிறார். மிகவும் ஒழுங்கான மனிசி. ஒரு நாளும் தவறவிடுவதில்லை.

இங்கேதான் சிக்கல். வெறும் வயிற்றில் எடுத்தால் தைரொக்சினில் 60 முதல் 80 வீதம் வரை இரத்தத்தில் சேரும். கல்சியமும் இரும்பும் குடலில் தைரொக்சினைப் பிடித்து வைத்துக்கொள்ளும். பாலும் கோப்பியும் சோயாவும் உறிஞ்சலைக் குறைக்கும். ஒமிப்பிரசோல் போன்றவை வயிற்று அமிலத்தைக் குறைப்பதால் குளிசை சரியாகக் கரையாது. எந்த நோய் அந்த அக்காவை நடக்கவிடாமல் வைத்திருக்கிறதோ, அந்த நோய்க்கான மருந்துகளே தைரொக்சினை உள்ளே போகவிடாமல் தடுக்கின்றன. ரி.எஸ்.எச். கூடுகிறது. 100 மைக்ரோகிராம் 125 ஆகிறது, பின் 150 ஆகிறது. ஒரு நாள் கல்சியம் முடிந்துபோகிறது. அல்லது யாரோ சொல்லிக் கல்சியத்தை இரவுக்கு மாற்றுகிறார். அன்றிலிருந்து 150 மைக்ரோகிராமும் தடையின்றி உள்ளே போகிறது. சில வாரங்களில் நெஞ்சு படபடக்கிறது, நித்திரை இல்லை, கை நடுங்குகிறது. “வயசு போகுது” என்று வீட்டில் சொல்கிறார்கள்.

ஆகவே அளவைக் கூட்ட முன்னர், கொடுக்கும் அளவு உள்ளே போகிறதா என்று பார்க்க வேண்டும். அதற்கு எளிய கால அட்டவணை ஒன்று போதும். காலையில் எழும்பியவுடன் தைரொக்சினை ஒரு கிளாஸ் தண்ணீரோடு மட்டும் எடுங்கள். அரை மணி முதல் ஒரு மணி நேரம் கழித்துத் தேத்தண்ணியும் காலை உணவும். கல்சியம் மதிய உணவோடு. இரும்புச்சத்து பின்னேரம் அல்லது இரவு. கல்சியமும் இரும்பும் தைரொக்சினிலிருந்து நான்கு மணி நேரமாவது தள்ளியிருக்க வேண்டும். ஒமிப்பிரசோலை நேரம் மாற்றுவதால் மாத்திரம் தீர்வு வராது. அதைத் தொடங்கும்போதும் நிறுத்தும்போதும் ரி.எஸ்.எச். பார்க்க வேண்டும். வயிற்றெரிவுக்குக் கடையில் வாங்கும் அமிலநீக்கிகளும் இந்தப் பட்டியலில் அடங்கும்.

எழும்பியவுடன் தேத்தண்ணி இல்லாவிட்டால் தலையிடிக்கும் என்பவர்களுக்கு ஒரு வழி. விடியப்புறம் நான்கு ஐந்து மணிக்குச் சலம் கழிக்க எழும்புவீர்கள் அல்லவா? குளிசையையும் தண்ணீரையும் தலைமாட்டில் வைத்திருந்து அப்போது எடுத்துவிட்டுப் படுங்கள். கடைசிச் சாப்பாட்டிலிருந்து மூன்று மணி நேரம் கழித்து, படுக்கப் போகும்போதும் எடுக்கலாம். எங்கள் வீடுகளில் இரவுச் சாப்பாடு எட்டு ஒன்பது மணிக்கென்பதால் அது எல்லோருக்கும் சரிவராது. எந்த நேரமானாலும் அதை நிலையாக வைத்திருப்பதே முக்கியம்.

கந்தசஷ்டி, தவக்காலம், நோன்பு என்று விரத நாட்களில் குளிசையை நிறுத்துபவர்கள் இருக்கிறார்கள். விரதம் தொடங்குமுன், அல்லது நோன்பு திறந்த பின் இரவில் என்று ஒரு நேரத்தை முன்கூட்டியே வைத்தியரோடு கதைத்து வைத்துக்கொண்டால் குளிசையும் தவறாது, விரதமும் குலையாது. தைரொக்சின் ஏழு நாட்களில்தான் இரத்தத்தில் பாதியாகக் குறையும். எனவே ஒரு நாள் தவறியதற்காகப் பதற வேண்டியதில்லை. அதே நாளில் நினைவு வந்தால் எடுங்கள். மறுநாள்தான் நினைவு வந்தால் வழமையான ஒன்றை மட்டும் எடுங்கள். 2022இல் மருந்துகளுக்குத் தட்டுப்பாடு வந்தபோது, மிச்சம் பிடிப்பதற்காக ஒன்றுவிட்ட ஒரு நாள் எடுத்தவர்களைக் கண்டோம். அப்படியான நிலை திரும்பவும் வந்தால், நீங்களாகக் குறைக்காமல் வைத்தியரிடம் வாருங்கள். இருப்பதை எப்படிப் பங்கிடலாம் என்று சேர்ந்து முடிவெடுப்போம்.

குளிசையைச் சூடும் ஈரமும் வெளிச்சமும் பழுதாக்கும். குசினி யன்னலோரமும் வெயிலில் நிற்கும் வாகனமும் அதற்கு ஏற்ற இடங்களல்ல. கடதாசி உறையில் வாங்கினால், வீட்டில் ஒளி புகாத, இறுக மூடும் சிறிய பேணியில் போட்டு, அலுமாரியின் குளிர்ந்த தட்டில் வையுங்கள்.

வெளிநாட்டிலிருந்து வந்திருப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. அம்மாவுக்குக் குளிசை கொண்டுவருகிறீர்கள், நல்ல விடயம். ஆனால் இங்கே அம்மா எடுப்பது அநேகமாக 50 மைக்ரோகிராம் குளிசையில் இரண்டு. நீங்கள் கொண்டுவந்த போத்தலில் இருப்பது 100 மைக்ரோகிராமாக இருந்து, அம்மா பழக்கத்தில் அதிலும் இரண்டு விழுங்கினால் அளவு இரட்டித்துவிடும். சில போத்தல்களில் மில்லிகிராமில் எழுதியிருக்கும், 0.1 மில்லிகிராம் என்பது 100 மைக்ரோகிராம். கையில் கொடுக்கும்போது “இதில் ஒன்றுதான்” என்று பெரிய எழுத்தில் போத்தலில் ஒட்டிவிடுங்கள். கம்பனி மாறினாலும் ஆறு வாரத்தில் ஒரு முறை ரி.எஸ்.எச். பார்ப்பது நல்லது.

இப்போது நடக்க முடியாத நிலைக்கே வருவோம். முதலில் ஏன் நடக்க முடியவில்லை என்று கேட்க வேண்டும். தைரொயிட் போதாமலிருந்தாலும் தசைகள் இறுகும், கெண்டைக்கால் பிடிக்கும், மூச்சு வாங்கும், சோம்பல் வரும். அப்படியானால் அளவைத் திருத்தினால் கால் தானாக எழும்பும். எனவே களைப்பு புதிதாக வந்தால் ரி.எஸ்.எச். ஒரு முறை பார்க்க வேண்டும். அது சரியாக இருந்தால் அதோடு நின்றுவிடாமல் ஈமோகுளோபின், நீரிழிவு, விற்றமின் பி12 ஆகியவற்றையும் பார்க்க வேண்டும். ஹஷிமோட்டோ உள்ளவர்களுக்குப் பி12 குறைவினால் வரும் இரத்தச்சோகை சேர்ந்து வருவதுண்டு. குளிரும் பனியும் உள்ள நாடுகளில் வீட்டுக்குள்ளேயே இருக்கும் எமது அக்காமார் விற்றமின் டீயையும் பார்ப்பது நல்லது.

எடை கூடுவதற்கும் வேறு காரணங்கள் இருக்கலாம். மூட்டுவாதத்துக்கும் தொய்வுக்கும் கொடுக்கும் பிரட்னிசொலோன், நரம்பு நோவுக்குக் கொடுக்கும் சில குளிசைகள், இன்சுலின், நீரிழிவுக்கான சில பழைய குளிசைகள் ஆகியவை எடையைக் கூட்டக்கூடியவை. இவற்றில் எதையும் நீங்களாக நிறுத்த வேண்டாம். குறிப்பாகப் பிரட்னிசொலோனைத் திடீரென்று நிறுத்துவது உயிராபத்து. ஆனால் “இந்த எடை எந்த மருந்தால்?” என்று வைத்தியரிடம் கேட்பதற்கு உங்களுக்கு முழு உரிமையும் உண்டு.

இதய நோய் உள்ளவர்களுக்குத் தனியாகச் சொல்ல வேண்டும். தைரொக்சின் இதயத்தின் வேலையைக் கூட்டும். அதனால் நெஞ்சு நோ உள்ளவர்களுக்கும் முதியவர்களுக்கும் 25 மைக்ரோகிராம் அல்லது அதிலும் குறைவாகத் தொடங்கி, நான்கு முதல் ஆறு வாரங்களுக்கு ஒரு முறை படிப்படியாகக் கூட்டுகிறோம். “ஏன் இவ்வளவு மெதுவாக?” என்று பிள்ளைகள் கோபிப்பார்கள். அவசரப்பட்டால் மாரடைப்பு வரலாம். அளவு கூடிய பின் நெஞ்சு நோ புதிதாக வந்தாலோ அதிகரித்தாலோ அடுத்த கிளினிக் திகதி வரை காத்திருக்காமல் உடனே வைத்தியசாலைக்கு வாருங்கள். வோர்பரின் எடுப்பவர்களுக்குத் தைரொக்சின் அளவு மாறும்போது இரத்தம் உறையும் நேரத்தையும் மீண்டும் பார்க்க வேண்டும்.

உங்கள் துடிப்பை நீங்களே பார்க்கலாம். ஐந்து நிமிடம் அமைதியாக இருந்துவிட்டு, பெருவிரலின் அடியில் மணிக்கட்டில் மற்றக் கையின் இரண்டு விரல்களை வைத்து அரை நிமிடம் எண்ணி இரண்டால் பெருக்குங்கள். நூறுக்கு மேல் இருந்தாலும், தாளம் தவறித் தவறி வந்தாலும் காட்டுங்கள். மாதத்துக்கு ஒரு நாள் போதும்.

வயதானவர்களைப் பற்றி இன்னொன்று. பொதுவாக ரி.எஸ்.எச். 0.4 முதல் 4 வரை இருக்க வேண்டும் என்று அறிக்கையில் போட்டிருக்கும். எழுபதைக் கடந்தவர்களுக்கு 4 முதல் 6 வரை இருந்தாலும் நாங்கள் கவலைப்படுவதில்லை. ஐரோப்பிய நாடுகள் நான்கில் 65 வயதைக் கடந்த 737 பேரில் நடந்த ஓர் ஆய்வு 2017இல் வெளியானது. தைரொயிட் மிகச் சிறிதளவே குறைந்திருந்த அவர்களுக்குத் தைரொக்சின் கொடுத்தும் களைப்பில் மாற்றம் தெரியவில்லை. ஆகவே சின்ன எண்ணுக்காகப் பெரிய அளவுக் குளிசையைக் கேட்காதீர்கள். வயது போய், உடல் மெலிந்தால் பழைய அளவே மிஞ்சிப்போகவும் கூடும்.

இளைய தங்கைமாருக்கு ஒரே ஒரு குறிப்பு. கர்ப்பம் தரித்ததும் தைரொக்சின் தேவை கூடும். குழந்தையின் மூளை வளர்ச்சிக்கு அது அவசியம். குழந்தைக்குத் திட்டமிடும்போதே கதையுங்கள். மாதவிடாய் தவறியதும் முதல் வேலையாக வைத்தியரைப் பாருங்கள்.

நடக்க முடியாவிட்டால் உடற்பயிற்சியே இல்லை என்று நினைக்க வேண்டாம். உலக சுகாதார நிறுவனம் 2020இல் வெளியிட்ட வழிகாட்டலில், எந்தச் சிறு அசைவும் ஒன்றும் செய்யாமலிருப்பதைவிட மேல் என்று கூறி, மாற்றுவலுவுள்ளோருக்கும் தனியாக ஆலோசனை வழங்கியது. காலையில் மைதானத்தில் வரிசையாக நின்று செய்த டிரில் உங்களுக்கு நினைவிருக்கும். அதையே கதிரையில் இருந்து செய்வோம்.

சாய்மனைக் கதிரை வேண்டாம். நேரான முதுகுள்ள, சுவரோடு சேர்த்துப் போட்ட கதிரை. ஒரு காலை நேராக நீட்டி, தொடைத் தசையை இறுக்கி, ஐந்து எண்ணும்வரை வைத்திருந்து இறக்குங்கள். ஒவ்வொரு காலுக்கும் பத்து முறை. முழங்கால் தேய்ந்தவர்களுக்கு இதுவே மருந்து. அடுத்து, அரை லீற்றர் தண்ணீர்ப் போத்தல்களைக் கைக்கு ஒன்றாகப் பிடித்துத் தோள் உயரத்துக்கு உயர்த்தி இறக்குங்கள். முடிந்தவர்கள் கையூன்றாமல் கதிரையிலிருந்து எழும்பி இருங்கள். முதல் நாள் மூன்று முறை, பிறகு ஐந்து, பிறகு பத்து. குசினி மேடையைப் பிடித்துக்கொண்டு குதிக்கால்களை உயர்த்தி இறக்கினால் கெண்டைக்கால் உரம் பெறும். ஒரு காலை இழந்தவர்கள் கைப் பயிற்சிகளையும் மற்றக் காலுக்கான பயிற்சியையும் செய்யலாம். தலை சுற்றினாலோ நெஞ்சு இறுகினாலோ நிறுத்துங்கள். இதய நோய் உள்ளவர்கள் தொடங்குமுன் கேட்டுக்கொள்ளுங்கள். வைத்தியசாலையில் உடற்பயிற்சிச் சிகிச்சையாளர் இருப்பார், அவரிடம் அனுப்பும்படி கேளுங்கள்.

இந்தப் பயிற்சிகள் எடையை அதிகம் குறைக்காது. தசையையும் எலும்பையும் காப்பாற்றும், விழாமல் நடக்க உதவும். எடைக்கு உணவைத்தான் பார்க்க வேண்டும். கணக்கொன்று சொல்கிறோம். ஒரு நாளைக்கு ஐந்து தேத்தண்ணி, ஒவ்வொன்றிலும் இரண்டு தேக்கரண்டி சீனி என்றால், பத்துக் கரண்டி. ஏறத்தாழ 160 கலோரி. 60 கிலோ எடையுள்ள ஒருவர் அரைமணி நேரம் சாதாரணமாக நடந்தால் செலவாவது ஏறத்தாழ 100 கலோரி. அந்தச் சீனியை விட்டால், நடக்காமலேயே நடந்த பலன் கிடைத்துவிடும். அதேபோல் கோப்பையில் பாதியை மரக்கறியும் கீரையுமாக நிரப்பிவிட்டு, சோற்றையோ பிட்டையோ இடியப்பத்தையோ கால்வாசியாகப் போடுங்கள். மீன், முட்டை, பருப்பு குறையக்கூடாது. நடமாட்டம் குறைந்தவர்களுக்குத் தசை கரையாமலிருக்கப் புரதம் வேண்டும்.

பரிசோதனை எப்போது என்பதையும் சொல்லிவிடுவோம். அளவு மாறினால் ஆறு முதல் எட்டு வாரங்களின் பின். அதற்கு முன் பார்த்தால் எண் நிலைப்பட்டிருக்காது. அளவு நிலையாக இருந்தால் ஆறு மாதத்துக்கோ வருடத்துக்கோ ஒரு முறை. பரிசோதனை நாளில் இரத்தம் எடுத்த பின் குளிசையை எடுங்கள். தலைமயிருக்கும் நகத்துக்கும் என்று விற்கப்படும் பயோட்டின் குளிசை, முடிவுகளைப் பொய்யாகக் காட்டும். இரண்டு நாட்களாவது முன்னர் நிறுத்துங்கள், எடுப்பதாக ஆய்வுகூடத்திலும் சொல்லுங்கள்.

வழக்கமாகக் கேட்கப்படும் மூன்று கேள்விகளுக்கும் பதில் சொல்லி முடிக்கிறோம்.

“கோவா, மரவள்ளிக்கிழங்கு சாப்பிடலாமா?” அயடீன் போதிய அளவு கிடைக்கும்போது, சமைத்த கோவாவை வழமையான அளவில் சாப்பிடுவதால் தீங்கில்லை. சுரப்பி முற்றாக நின்றுபோய்க் குளிசையில் வாழ்பவர்களுக்குக் கோவா தடுப்பதற்கு அங்கே சுரப்பே இல்லை. மரவள்ளியை நன்றாக அவித்துச் சாப்பிடுங்கள். எடையைப் பார்ப்பவர்கள் அளவோடு.

“ரி.எஸ்.எச். சரியாகிவிட்டது, குளிசையை நிறுத்தலாமா?” சரியாக இருப்பதே குளிசையால்தான். பிரசவத்தின் பின் தற்காலிகமாக வரும் வகை போன்ற சிலவற்றில் நிறுத்தலாம். அதை வைத்தியர் சொல்வார்.

“மெலிவதற்கு மூலிகைக் குளிசை விற்கிறார்களே?” அப்படி விற்கப்பட்ட சிலவற்றில் தைரொயிட் ஓமோனே மறைவாகக் கலக்கப்பட்டிருந்தது வெளிநாடுகளில் கண்டுபிடிக்கப்பட்டிருக்கிறது. ஏற்கெனவே தைரொக்சின் எடுப்பவர் அதையும் எடுத்தால் என்ன ஆகும் என்று உங்களுக்கு இப்போது தெரியும்.

அன்பானவர்களே, இன்றிரவு வீட்டுக்குப் போனதும் உங்களுடைய, அல்லது அம்மாவுடைய குளிசைப் பையைத் திறந்து எல்லாவற்றையும் மேசையில் பரப்புங்கள். எது எத்தனை மணிக்கு என்று ஒரு கடதாசியில் எழுதுங்கள். அந்தக் கடதாசியை அடுத்த கிளினிக்குக்குக் கொண்டு போங்கள். வெளிநாட்டில் இருப்பவர்கள் தொலைபேசியில் அம்மாவோடு சேர்ந்து இதைச் செய்யலாம்.

எம்மைப் படிப்பித்த ஆசிரியர்களில் சிலர் இன்று நோயாளராக எங்களிடம் வருகிறார்கள். “ரீச்சர், இருங்கோ” என்று கதிரையைக் காட்டும்போது, அவர்கள் எமக்குச் செய்ததில் ஒரு பகுதியையாவது திருப்பிக் கொடுக்கக் கிடைத்த வாய்ப்பாகவே எண்ணுகிறோம். நூற்றாண்டு காணும் எமது கல்லூரி மேலும் பல நூற்றாண்டுகள் வளரவும், அதன் மகளிர் எல்லோரும் நலமோடு வாழவும் வாழ்த்துகிறோம்.